முதுகாள்

முள்ளிக்கரையில் அரிவாள் முகத்துக்கு நேரே வேலை செய்யாமல் போனது ஒரு ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, வாழைத்தார் ஏற்றிய லாரிகள் கிளம்பிப் போன பிறகு, பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்; அன்றைக்குத்தான் மேலத்தெருத் தளவாய், பஸ் ஸ்டாண்டில் வைத்து, கீழத்தெருப் பொன்னுலிங்கத்தை அத்தனை பேர் பார்க்கக் கழுத்தில் வெட்டினான். தளவாயின் கை வெட்டத் தெரியாத கை அல்ல. பொன்னுலிங்கம் விழுந்தான், கண் இரண்டும் சிவந்தன, மூச்சு இரைத்தது, பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் தொந்தரவு செய்யாத அந்தக் கொஞ்ச நேரத்தில் கண்ணின் சிவப்பு வடிந்துவிட்டது, கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்து டீ கேட்டான். டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாகவா குறைச்சலாகவா என்று கேட்டார்.

இரண்டு தெருவுக்கும் பகை என்பது எங்கள் அப்பாமார் காலத்திலிருந்தே உண்டு. எதற்காக என்பது இரண்டு தெருவுக்கும் மறந்துபோய், பகை மட்டும் நன்றாக நினைவில் இருந்தது. ஆகவே அந்த வாரம் முழுவதும் இரண்டு பக்கத்து ஆண்களும் ஆசை தீர ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், வெட்டுப்பட்டவன் ஏதாவது ஒரு சுவருக்குப் பின்னால் போய் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டு உடம்பு சரியாகி வந்து மறுபடி வெட்டினான், பெண்கள் வாசலில் நின்று சோற்றுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டார்கள், போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு இல்லாமல் ஏட்டையா கேரம் போர்டு வாங்கி வைத்தார். எங்களுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்றே நினைத்தோம். அந்த நினைப்பு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுலிங்கம் அதே டீக்கடையில் கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த யாரோ வாழையிலை அறுக்கும் சின்னக் கத்தியால் அவன் முதுகில் ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சத்தம் இல்லை. டம்ளரில் பாதி டீ அப்படியே இருக்க, அவன் பெஞ்சில் உட்கார்ந்த வாக்கில் செத்திருந்தான்.

பொன்னுலிங்கத்துக்கு ஐயம்பெருமாள் என்று ஒரு தம்பி, பேராச்சி என்று ஒரு தங்கை. கொன்றது தளவாய்தான் என்று கீழத்தெரு சொன்னது. தளவாய் இல்லை என்றான். பார்த்தவர் யாருமில்லை.

என்ன நடக்கிறது என்று எங்களுக்கு விளக்கிச் சொன்னவன் ஜெராக்ஸ் கடை மாடியில் கேம் சென்டர் வைத்திருந்த ஆவுடையப்பன். அவன் கடையில் பையன்கள் எந்நேரமும் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். கறுப்புத் துணி போர்த்திய ஒருவன் கோட்டைக்குள் நிழலோடு நிழலாகப் பதுங்கிப் போய்க் காவல்காரர்களைக் கொல்ல வேண்டும். காவல்காரன் அவனைப் பார்த்துவிட்டால் எத்தனை தடவை வாளால் வெட்டினாலும் சாக மாட்டான், எதிர்த்து நின்று சண்டை போடுவான். பார்க்காதபோது பின்னால் போய் ஒரு குத்து விட்டால் பொத்தென்று விழுந்துவிடுவான். அடிபட்டவன் மறைவில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தால் தேறிவிடுவான். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயமேரி ஜெராக்ஸ் எடுக்க வரும்போதெல்லாம் மாடிப்படியில் நின்று இதைப் பார்த்துச் சிரிப்பார். "குத்துப்பட்டவன் இப்படிச் சத்தமில்லாம சாவானாப்பா? ஊரே அலறும்படி அலறிட்டு, துடிச்சு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சாவான். எவன்ப்பா இதைச் செஞ்சது, ஒரு பொணத்தையாவது பாத்திருப்பானா?" என்பார். பொன்னுலிங்கத்தை அறுத்துப் பார்த்த அன்றைக்கு டாக்டர் சிரிக்கவில்லை. குத்து ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லை, அதனால் ஒரு கோழிகூடச் சாகாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

"அந்த ஆட்டத்துல உள்ள கணக்குத்தான் அண்ணாச்சி இது" என்று ஆவுடையப்பன் பஞ்சாயத்துத் தலைவர் வைகுண்டத்திடம் சொன்னான். "பாத்துட்டா ஆயுதத்துக்கு வலு கெடையாது. பாக்கலன்னா, எல்லாத்துக்கும் வலு வந்துரும்."

"எதனால இப்படி ஆச்சு?" என்று வைகுண்டம் கேட்டார்.

"அது எனக்கு எங்ஙன தெரியும்? ஆட்டத்துலயும் அதை யாரும் சொல்லுததில்ல."

அதற்குமேல் காரணத்தை யாரும் தேடவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்றா கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதுபோல இதையும் எடுத்துக்கொண்டோம். ஊர் எல்லைக் கல்லைத் தாண்டினால் கத்தி பழைய கத்திதான் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. வெளியூரில் வேலை இருந்தவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள், வாழையை விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள் முதுகைச் சுவரில் சாய்க்கப் பழகிக்கொண்டோம். டீக்கடையில் சுவரோரத்துப் பெஞ்சுக்கு அடிதடி. ரேஷன் கடை வரிசை வளைந்து வளைந்து ஒரு வட்டமாகிவிட்டது. சினிமாக் கொட்டகையில் கடைசி வரிசை மட்டும் நிரம்பும், அம்மன் கோயிலில் பூசாரி தீபத்தட்டோடு பின்பக்கமாகவே நடந்து வருவார், குடைக்கம்பியில் வண்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனிதர்கள் நடந்தார்கள், ராத்திரியில் கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கட்டை போடாமல் யாரும் கண்ணை மூடவில்லை. இத்தனை செய்தும் ஒரு மனிதனுக்கு நாள் முழுவதும் சுவர் கிடைக்காதே. வயலில் சுவர் ஏது, வாய்க்காலில் சுவர் ஏது? அப்படித்தான் முதுகாள் என்கிற வழக்கம் வந்தது.

முதுகாள் என்றால், ஒருவன் முதுகோடு தன் முதுகை ஒட்டி நின்று அவன் பார்க்காத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். அண்ணனுக்குத் தம்பி, தம்பிக்கு அண்ணன், புருஷனுக்குப் பெண்டாட்டி. பெண் பார்க்கப் போனால் ஜாதகத்தை அப்புறம் எடுத்தார்கள், முதலில் பையனுக்கு இப்போது முதுகுக்கு யார் நிற்கிறது என்று கேட்டார்கள். இரண்டு பேர் நடந்தால் ஒருவர் முன்னால் பார்த்து நடக்க மற்றவர் பின்னால் பார்த்து நடந்தார்கள், வெளியூர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகை மட்டும் எல்லோரிடமும் கொடுத்துவிட முடியாது என்பது அந்த நாட்களில் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. கூடப் பிறந்தவனிடம்கூட முதுகைக் கொடுக்க யோசித்த வீடுகள் உண்டு, பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்.

கார்த்திகைக்குள் இரண்டு தெருவிலும் ஆட்கள் குறைந்து போனார்கள். அப்போது தளவாயின் அம்மா கோமதியம்மாள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று. அவள் மகள் நாச்சியாரைக் கீழத்தெரு ஐயம்பெருமாளுக்குக் கொடுப்பது, ஐயம்பெருமாளின் தங்கை பேராச்சியைத் தன் மகன் தளவாய்க்கு எடுப்பது, இரண்டு பெண்களும் போன வீட்டில் புருஷனுக்கு முதுகாளாக நிற்பது. இவன் பெண்டாட்டி அவனுடைய தங்கை, அவன் பெண்டாட்டி இவனுடைய தங்கை. ஒருவன் முதுகுக்கு ஆபத்து வந்தால் இன்னொருவன் முதுகும் போய்விடும். இரண்டு தெருவும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றது. ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் பந்தல் ஓரத்துத் தட்டியில் சாய்ந்துகொண்டே அட்சதை போட்டோம்.

பகை நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தப் பகையில் யாரும் சாகவில்லை. தளவாயும் பேராச்சியும் முதுகோடு முதுகாக வயலுக்குப் போவதையும் வருவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். புருஷன் முகத்தைப் பார்ப்பதற்கு அவளுக்கு நேரம் கிடைத்ததோ என்னவோ, முதுகில் ஏறி இறங்குகிற மூச்சை வைத்தே அவனுக்குப் பசியா கோபமா என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் நடவின்போது அவள் நின்றபடியே அவன் மேல் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள் என்றும், அவள் விழித்துக்கொள்ளும்வரை அவன் கையில் நாற்றோடு அசையாமல் நின்றான் என்றும் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அதைச் சொல்லும்போது யாரும் மறுத்துப் பேசவில்லை.

தை மாதத்தில் பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. தானியேல் சார் வகுப்பில் நடந்துகொண்டே பாடம் நடத்துகிறவர், வைகுண்டத்தின் மகள் கொடிமலர் பின்பெஞ்சில் தூங்கி வழிவதைப் பார்த்து அவள் தலையில் நாலு தலைமுறையாக வாத்தியார்கள் போடுகிற அதே குட்டு ஒன்றைப் போட்டார். பிள்ளை மேஜையில் சாய்ந்தது. தூக்கம் கலையவில்லை என்று நினைத்து அவர் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறார். வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் எழுந்து போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

கையில் ஆயுதம் இல்லாமல் ஊரில் நடந்த முதல் சாவு அது. அரிசி ஆலையின் நெல் காயப்போடும் களத்தில் கூட்டம் போட்டோம். அங்கேதான் நாலு பக்கமும் மதில் உண்டு, அத்தனை பேரும் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், விசாரணைக்கு வந்தவர் மட்டும் வெட்டவெளியில் நடுவில் நிற்க வேண்டும். வைகுண்டம் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். அதற்கு முந்தைய நாள்தான் யாரோ கேம் சென்டர் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்திருந்தார்கள், இந்த ஆட்டத்தால்தான் ஊருக்கு இந்தக் கதி என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

"வெறுங்கை பட்டாச் சாவுமா?" என்று வைகுண்டம் கேட்டார். அவர் கண் ஆவுடையப்பனை விடவில்லை.

ஆவுடையப்பன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "வெறுங்கைன்னா, மனசுல வன்மம் இருக்கணும் அண்ணாச்சி. வன்மம் இருந்தாத்தான் கைக்கு அந்த வலு வரும்" என்றான்.

எங்களுக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. பிள்ளை வளர்க்கிற கைகள் எங்கள் கைகள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தட்டுகிறோம், குட்டுகிறோம், தள்ளுகிறோம். வன்மம் இல்லாத கை கொல்லாது என்றால் எங்கள் கை கொல்லாது. வைகுண்டத்துக்கும் தானியேல் சாருக்கும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் விஷயத்தில் மனவருத்தம் உண்டு என்பது ஞாபகம் வந்தது, அதுதான் வன்மம் என்று முடிவாயிற்று. சார் அழுதுகொண்டே ஏதோ சொன்னார். அவருக்கு முதுகு மறுப்பது என்று தீர்ப்பாயிற்று. அதாவது அவர் முதுகுக்கு இனி யாரும் நிற்கக் கூடாது. வீட்டுச் சுவர்களில் முதுகைத் தேய்த்துக்கொண்டே அவர் பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போனார், சுவர்கள் வாழைத்தோப்பு வரைக்கும்தான் இருந்தன, பஸ் ஸ்டாண்டும் அதைத் தாண்டி எல்லைக்கல்லும் தோப்புக்கு அந்தப் பக்கம். பஸ் வந்து நின்று போனது, அவர் அதில் ஏறவில்லை. செய்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேர் போனார்கள். முடிவெட்டும் கடையில் தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டிவிடும்போது ஒருவர், விளையாட்டுக்குப் பின்மண்டையில் அடித்த நண்பனின் கையால் ஒருவன். அடித்தவர்களுக்கு வன்மம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆகவே மாரடைப்பு என்றோம். டாக்டர் ஜெயமேரி எங்களோடு வாதாடிப் பார்த்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

மாசியில் ஒரு மத்தியானம் தளவாய் சாப்பிட உட்கார்ந்தான். கோமதியம்மாள் எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள், பேராச்சி வழக்கம்போல அவன் முதுகுக்கு நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்து அவன் இரண்டாவது வாயோ மூன்றாவது வாயோ வைத்தபோது புரையேறியது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய இருமினான். கோமதியம்மாளின் ஒரு கையில் சட்டி, மறு கையில் கரண்டி. "ஏட்டி, தலையில தட்டு, தட்டு" என்றாள். பேராச்சி திரும்பி, நம் பெண்கள் எல்லோரும் செய்வதைப்போல, "யாரோ நெனைக்காவ" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அவன் உச்சந்தலையில் தட்டினாள். முதல் தட்டிலேயே இருமல் நின்றது. நின்றுவிட்டதே என்று இன்னொரு தட்டும் தட்டினாள். அப்போதுதான் கோமதியம்மாள் கையிலிருந்த சட்டி விழுந்தது.

அரிசி ஆலைக் களத்தில் மறுபடி கூட்டம் போட்டோம், இந்தத் தடவை மேலத்தெருக்காரர்கள் நாங்கள் மட்டும். அதிகம் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தோம். அவள் பொன்னுலிங்கத்தின் தங்கை, அண்ணனைக் கொன்றவன் என்று சந்தேகப்பட்டவன் முதுகில் பல மாதம் ஒட்டி நின்றிருக்கிறாள், இதைவிட என்ன வன்மம் வேண்டும்? வன்மத்தோடு கொன்றாள் என்றால் அவளுக்கு முதுகு மறுக்க வேண்டும், அதோடு உடன்படிக்கையும் முறிந்தது. கீழத்தெருவில் ஐயம்பெருமாளின் முதுகுக்கு நிற்கிற நாச்சியாரை அங்கே இனி ஒரு நிமிஷம் நம்ப மாட்டார்கள், இங்கே அவள் அண்ணனைக் கொன்றதற்கு அங்கே அவள் பழி வாங்குவாள் என்றுதான் நினைப்பார்கள். பேராச்சி களத்தின் நடுவில் நின்றாள். முதுகு எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது தெரிந்தது.

"ஒனக்கு அவன் மேல கோவம் இருந்துச்சா இல்லையா?" என்றார் வைகுண்டம்.

"இருந்துச்சு" என்றாள். "எங்கண்ணனை நீங்களா கொன்னீங்கன்னு கேட்டேன். இல்லன்னாவ. நம்பவா வேண்டாமான்னு தெரியாமத்தான் அவிய முதுகுல சாஞ்சு நின்னேன். பொறவு பொறவு கேக்கணும்னே தோணல. அன்னைக்குப் புரையேறுச்சு, தட்டுனேன். என் கையில வேற ஒண்ணும் இல்ல."

அப்போது ஆவுடையப்பன் மதிலை விட்டு எழுந்தான். இரண்டடி முன்னால் வந்தான். அவன் முதுகு வெளியே தெரிந்ததைப் பார்த்து அவன் பெண்டாட்டி எழுந்து ஓடி வந்து பின்னால் நின்றுகொண்டாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி" என்றான். "ஆட்டத்துல மனசுக்குன்னு ஒரு எடமே கெடையாது. பாத்தானா பாக்கலையா, ஒடம்பா தலையா, அவ்வளவுதான் கணக்கு. தலைன்னா பூவால தட்டுனாலும் போதும். யாரு கை, என்ன நெனப்புன்னு ஆட்டம் கேக்கவே கேக்காது. பயத்துல சொல்லிட்டேன். இந்தப் பிள்ளைய விட்ருங்க."

களத்தில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. வைகுண்டம் குனிந்து தரையில் கிடந்த ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உரித்தார்.

"அப்போ தானியேல் சாரு?" என்றார்.

அந்தக் கேள்வி ஆவுடையப்பனைத் தாண்டி மதிலோரம் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து நின்றது. வாழைத்தோப்பில் அன்றைக்கு இருந்தவர்கள் குனிந்து வேட்டிக் கரையைச் சரி செய்தார்கள். பிள்ளைகளை மடியில் வைத்திருந்தவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். பிறகு வைகுண்டம் நிமிர்ந்து, "அன்னைக்குப் பொய் சொன்னியா, இன்னைக்குப் பொய் சொல்லுதியா, யாருக்குவே தெரியும்?" என்றார். இன்றைக்குத்தான் பொய் என்று மதிலின் நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. நானும் சொன்னேன்.

பேராச்சி எல்லோரும் ஓயும்வரை நின்றாள். பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"எம்மேல கோவமில்லாத ஒரு ஆள் வந்து எந்தலையில தட்டுங்க. நான் திரும்பி நிக்கேன். செத்துட்டேன்னா, வன்மம் இல்லாத கை பட்டாலும் சாவும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போவும். எம் மைனி அங்க எங்கண்ணன் வீட்டுல பயமில்லாம இருந்துக்கிடலாம். சாகலன்னா நீங்க சொல்லுதது சரி. எனக்கு முதுகு மறுத்துருங்க."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் யார் போவது? நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் மனசுக்குள் போய்த் தேடிப் பார்த்தோம். ஒருத்திக்குத் தன் மகளைத் தளவாய்க்குக் கொடுக்க ஆசை இருந்தது, ஒருத்தியிடம் அவள் அரிசி புடைக்கச் சுளகு வாங்கித் திருப்பித் தராமல் இருந்தாள், ஒருவனைப் பார்த்து ஒருநாள் அவள் வணக்கம் சொல்லவில்லை, எனக்கு அவள் நின்ற நிமிர்வே பிடிக்கவில்லை. இப்படித் தேடியவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று அகப்பட்டது. அத்தனை பெரிய களத்தில் அவள் மேல் ஒன்றுமே இல்லாத ஆள் ஒருவர் இல்லை.

கோமதியம்மாள் எழுந்தாள். "நான் தட்டுதேன்" என்றாள்.

"செத்தது ஒம் மவன்" என்றார் வைகுண்டம். "ஒனக்கு இவ மேல கோவமில்லன்னு சொன்னா நம்பணுமா?"

"தட்டுன்னு சொன்னவ நாந்தான். கோவப்படணும்னா எம்மேலதான் படணும். இவ என் பிள்ளைக்கு முதுகா நின்னவ. இப்பம் எம் மவளுக்காவ நிக்கா."

அவள் நடுவே போனாள். பேராச்சி, "வாங்க அத்தே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள். கோமதியம்மாள் உடனே தட்டவில்லை. மருமகளின் அவிழ்ந்திருந்த கொண்டையை எடுத்துச் சுற்றி முடிந்துவிட்டாள், பிடரியில் ஒட்டியிருந்த ஒரு உமியைத் துடைத்துவிட்டாள். "கண்ண மூடிக்க தாயி" என்றாள். பிறகு, தலைக்கு ஊற்றிய குழந்தையின் உச்சியில் ஈரம் போகத் தட்டுவதைப்போல, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

பேராச்சி அவள் காலடியில் விழுந்தாள். எந்தச் சத்தமும் இல்லை.

ஒரு நிமிஷம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை, அந்த ஒரு நிமிஷம் களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தானியேல் சாரைத் தெரிந்தது, முடிவெட்டும் கடையில் செத்தவரைத் தெரிந்தது, இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பிள்ளைக்குப் புரையேறினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆவுடையப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, அம்மாக்கள் பிள்ளைகளை மடியிலிருந்து இறக்கி எதிரில் உட்கார வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் நாங்கள் யாராவது அழுதிருப்போம்.

அப்போது கிழக்கு மதில் பக்கமிருந்து ஒரு பெண்குரல், பெரிய சத்தமாகக்கூட இல்லை, "மாமியார்தானே" என்றது.

ஆமாம், மாமியார்தானே. அத்தனை பேரும் மூச்சை விட்டோம். மாமியாருக்கு மருமகள் மேல் வன்மம் இல்லாமலா இருக்கும், அதுவும் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாமியாருக்கு? வாயால் இல்லை என்றாள், கை காட்டிக்கொடுத்துவிட்டது. நன்றாக நடித்தாள், கொண்டை முடிந்ததென்ன, உமியைத் துடைத்ததென்ன. பேச்சு மதிலைச் சுற்றி ஓடி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. பேராச்சி வன்மத்தோடு கொன்றாள், கோமதியம்மாள் வன்மத்தோடு பழி தீர்த்துக்கொண்டாள், இரண்டும் நேராகிவிட்டது, பாவம் பிள்ளையைப் பெற்றவள், அவளுக்கு முதுகு மறுக்க வேண்டாம் என்று வைகுண்டம் தீர்ப்புச் சொன்னார். சிலர் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரியான காரியம் செய்தாய் என்றுகூடச் சொன்னார்கள். முன்பக்கமாகப் போய்த்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்குக் கோவம் இல்லய்யா" என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "சத்தியமா இல்லய்யா. அந்தப் பிள்ளை சொன்னதுதான் நெசம். கீழத்தெருவுல போய்ச் சொல்லுங்கய்யா." நாங்கள் தலையாட்டினோம். கீழத்தெருவுக்கு ஆள் போனது. போனவன், மாமியார்க்காரி களத்தில் வைத்துப் பேராச்சியைப் பழி தீர்த்துவிட்டாள் என்று சொன்னான்.

ஐயம்பெருமாள் கெட்டவன் இல்லை. நாச்சியாரை அவன் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவளுக்கு முதுகைக் காட்ட அவனால் முடியவில்லை. வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, போயிரு என்று மட்டும் சொன்னான். வெயில் தாழ்வதற்கு முன்னால் அவள் ஒரு துணிப்பையோடு எங்கள் தெருவுக்குள் வந்தாள், முதுகாள் இல்லாமல், வீட்டுச் சுவர்களில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வந்ததில் ரவிக்கை கிழிந்து தோள்பட்டையில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் அம்மா வீட்டுக்கு முன்னால் அடிபம்பு இருக்கிற வெட்டவெளி, அங்கே சுவர் கிடையாது. கடைசிச் சுவரின் முனையில் வந்து நின்றுவிட்டாள்.

கோமதியம்மாள் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். மகளின் பின்பக்கமாகப் போய் நிற்கத்தான் வந்தாள்.

"அங்ஙனயே நில்லு" என்றாள் நாச்சியார்.

"நாந்தாம்ட்டி, அம்மா."

"தெரியும். முன்னால வா. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்."

கோமதியம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்தக் கைகளை அவளே ஒரு தரம் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, தன் முதுகை மகளுக்குக் காட்டிக்கொண்டு, கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தபடி வீட்டை நோக்கி நடந்தாள். நாச்சியார் அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போனாள். தெருவில் இரண்டு பக்கச் சுவரோரமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெளி முழுவதையும் அவள் கடக்க வேண்டியிருந்தது, அவள் முதுகு எங்கள் பக்கம் திறந்து கிடந்தது. போய் நிற்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.